இரண்டாம் நாள் இரவு முதல் ஆறாவது வாரம் வரை

பிரசவமான இரண்டாம் நாள் இரவில்தான் பல வீடுகளில் முதல் கலக்கம் வருகிறது. முதல் நாளெல்லாம் தூங்கிக் கிடந்த குழந்தை அன்றைக்கு விடாமல் அழும். மாரில் போட்டால் சப்பும், ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடும், இறக்கிக் கிடத்தினால் மறுபடி வீரிடும். "பால் பத்தலை போல" என்று சுற்றி இருப்பவர்களில் ஒருவர் சொல்லிவிடுவார். விடிவதற்குள் பவுடர் பால் டப்பா வந்து இறங்கிவிடும். தாய்ப்பால் கொடுக்க ஆசைப்பட்ட அம்மாக்கள் பலருக்கு அது கைநழுவத் தொடங்குவது இங்கேதான். அதனால் பாலிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் வந்தாலே அதிகம். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அது போதும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அம்மாவின் உடலில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில்தான் மார்பு கனத்துப் பால் நிறைகிறது. சிசேரியன், தலைப்பிரசவம், சர்க்கரை நோய், பிரசவத்தில் அதிக ரத்த இழப்பு என்றால் இன்னும் ஒரு நாள் பிந்தலாம். குழந்தை அரை மணிக்கொரு தரம் சப்பக் கேட்பது இந்தச் சுரப்பைத் தூண்டுகிறது. அந்த நேரத்தில் தேவையில்லாமல் 30 மி.லி. பவுடர் பால் புகட்டினால் குழந்தை நான்கு மணி நேரம் அசந்து தூங்கும். அந்த நான்கு மணி நேரமும் மார்பு தூண்டப்படாமல் கிடக்கும். இதே தொடர்ந்தால் பால் உண்மையிலேயே குறையும்.

சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள்ளான குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். கழுதைப்பாலைக் காய்ச்சாமல் புகட்டுவதால் கறப்பவர் கையில் இருக்கும் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும்.

பால் குடிப்பது சரியாக அமைய, பிடி சரியாக இருக்க வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேரே இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் குழந்தை கொட்டாவி விடும் அளவுக்கு வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். முதுகை வளைத்து மார்பைக் குழந்தையின் வாயில் திணிக்கக் கூடாது. மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. கன்னத்தில் குழி விழுந்தாலோ 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்று பொருள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வாயோரம் சுண்டுவிரலை நுழைத்துக் காற்றுப் பிடிப்பை விடுவித்து எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் தவறான பிடிதான். களிம்பு தேடுவதற்கு முன் பிடியைத் திருத்துங்கள். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலையே காம்பில் தடவிக் காற்றில் உலர விட்டால் புண் ஆறும். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையை மடியில் கிடத்தினால் தையலில் உதைபடும். ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் காலைக் கக்கத்துக்கு அடியில் பின்பக்கம் விட்டுப் பக்கவாட்டில் பிடித்தோ கொடுக்கலாம்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை, மூன்றாம் நாள் மூன்று முறை சிறுநீர் கழித்தால் போதும். ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நனைக்க வேண்டும். முதலில் தார் நிறத்தில் ஒட்டும் காட்டுப்பீ போகும், மூன்றாம் நாள் வாக்கில் பச்சையாகும், ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக இளகிவிடும். ஐந்தாம் நாளும் மலம் கறுப்பாகவே இருந்தால், அல்லது துணியில் செங்கல் பொடி நிறத்தில் சிறுநீர்க் கறை படிந்தால், உள்ளே போகும் பால் குறைவு. டயபர் போட்டால் இந்தக் கணக்குத் தவறிப்போகும். முதல் இரண்டு வாரம் பகலிலாவது துணி கட்டுங்கள் என்பது என் கருத்து. அடுத்தது எடை. முதல் சில நாளில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம். 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.7 கிலோவுக்குக் கீழே போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பழைய எடை திரும்பிவிட வேண்டும். பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்தால்தான் ஒப்பிட முடியும்.

24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். பிறந்த எடைக்குத் திரும்பும் வரை இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல் எழுப்பிக் கொடுங்கள். மாலை ஆறிலிருந்து பத்து வரை குழந்தை மார்பை விடாமல் இருப்பதும் வழக்கமானதுதான். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் இது திடீரென்று கூடும்; ஓரிரு நாளில் சுரப்பும் கூடிச் சமமாகும்.

எடை நிஜமாகவே இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னால், மார்பில் குடித்த பிறகு மீதியைக் கையால் பீய்ச்சிச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டுங்கள். காம்பு வைத்த பாட்டிலைவிட இவற்றைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம், குழந்தையும் மார்பை மறக்காது. பீய்ச்சிய பாலை நம் ஊர் வெக்கையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜுக்கு வெளியில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜின் உட்புறம் 24 மணி நேரம் வைக்கலாம், கதவில் அல்ல. பவுடர் பாலே தேவைப்பட்டாலும் அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் டப்பாவில் சொன்ன அளவை மாற்றாதீர்கள். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரும். கோடையில் தனியாகத் தண்ணீர் புகட்டினாலும் இதே ஆபத்துதான். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீரே. மே மாதத்திலும் அது போதும்.

மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் மார்பு கல்லாக இறுகிக் காம்பு தட்டையாகும்போது குழந்தையால் பிடிக்க முடியாது. கொடுப்பதற்கு முன் வெந்நீர்த் துணியால் சில நிமிடம் ஒற்றடம் கொடுத்து, கருவளையம் இளகும் அளவுக்கு மட்டும் பாலைப் பீய்ச்சிவிடுங்கள். கொடுத்து முடித்த பின் குளிர்ந்த துணியை வையுங்கள். முழுவதும் காலியாகப் பீய்ச்சினால் உடல் இன்னும் அதிகம் சுரக்கும், கட்டு தீராது. ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் வலித்து, குளிர்காய்ச்சலும் வந்தால் மார்பு அழற்சி. மருந்து தேவைப்படலாம். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சீழ்க்கட்டியாகும்.

இனிக் குழந்தையின் உடம்பு. நம் வீடுகளில் குளிரைப் பற்றிய பயம்தான் அதிகம், வெயிலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொப்பி, காலுறை, கம்பளி என்று சுற்றி, ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறார்கள். பால் இன்னும் இறங்காத மூன்றாம் நாளில் இப்படி வைத்தால் குழந்தைக்கு உடலில் நீர் வற்றிக் காய்ச்சல் வரும். மின்விசிறி ஓடலாம். ஏசி 26 டிகிரிக்குக் கீழே வேண்டாம், காற்று நேராக முகத்தில் படக் கூடாது. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடு என்றால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது. இன்னொரு துணி போர்த்தி மார்போடு அணையுங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால் உடனே தோலோடு தோல் அணைத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் இயல்பு. 100.4-ஐத் தொட்டால் சொட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் காய்ச்சல் ரத்தத்தில் பரவிய கிருமியின் ஒரே அடையாளமாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

தொப்புள்கொடி ஐந்து முதல் பதினைந்து நாளில் தானே விழும். அதில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் போடக் கூடாது. துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டினால் காற்றுப் பட்டு உலரும். விழும்போது ஓரிரு சொட்டு ரத்தம் கசிவது சகஜம். சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்கினால், நாற்றம் அடித்தால், சீழ் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

முதல் குளியலுக்கு 24 மணி நேரமாவது கழியட்டும். கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு பாட்டி காலை நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. மிதமான சூட்டில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, முழங்கையில் ஊற்றிப் பார்த்த வெந்நீரில், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். ஆனால் அந்தக் குளியலோடு சேர்ந்து வரும் சில பழக்கங்களை அன்போடும் உறுதியோடும் தடுத்தே ஆக வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவதால் அது நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம்; காதிலும் விட வேண்டாம். வாயால் ஊதிச் சளி எடுப்பதால் பெரியவர் வாயில் உள்ள கிருமி குழந்தைக்குப் போகும். குழந்தையின் மார்பு வீங்கி ஒரு சொட்டுப் பால் கசிவதும், பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது ரத்தம் படுவதும் அம்மாவின் ஹார்மோனால் வருபவை, தானே அடங்கும். அந்த மார்பைப் பிதுக்கினால் சீழ் வைத்து அறுவை செய்ய வேண்டியதாகும். சாம்பிராணிப் புகை பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாயை எரிக்கும், முடியைத் துணியால் ஒற்றினாலே காய்ந்துவிடும். கண் மை வேண்டாம், பலவற்றில் ஈயம் இருக்கிறது. உரைமருந்தும் சுட்ட வசம்புக் கரியும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம்.

பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் இருந்து மெத்தென்ற பழைய வேட்டி, சேலை எடுத்துக் குழந்தைக்குக் கிழிப்பது நல்ல வழக்கம்தான். அந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தால் மட்டும் அந்தத் துணியைத் தொடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாசனையே ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் நிறம் வரும், நான்காம் ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்தில் மறையும். பகல் வெளிச்சத்தில் நெற்றியை, நெஞ்சை, பாதத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும். காலை வெயிலில் காட்டுவது இதற்குச் சிகிச்சை ஆகாது. நீல ஒளிச் சிகிச்சைதான் மருந்து, தாமதித்தால் மூளை பாதிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம், ஆகவே "பால் காமாலைதான், போய்விடும்" என்று யார் சொன்னாலும் மலத்தின் நிறத்தைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையை எப்போதும் மல்லாத்திப் படுக்க வையுங்கள், அம்மாவின் அறையிலேயே, தொய்யாத படுக்கையில். தலை வட்டமாக வர வைக்கும் கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் தேவையில்லை. தூளி நம் வீடுகளின் பிரியமான பொருள் என்பது தெரியும். ஆனால் முதல் வாரங்களில் கழுத்து நிற்காத குழந்தையின் மோவாய் தூளியில் மார்போடு மடங்கி மூச்சை அடைக்கும். கழுத்து நிற்கும் வரை பொறுக்கலாம்.

மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் தொடர்ந்து ஓடினால், விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், துவண்டு பால் குடிக்க மறுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சைக் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, வண்டி எல்லாமே இலவசம். அழுகை ஆறாவது வாரம் வரை கூடிக்கொண்டே போகும். பொறுமை எல்லை மீறும்போது குழந்தையைப் படுக்கையில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வாருங்கள். எந்த நிலையிலும் உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

அம்மாவைப் பற்றி வீடு கேட்கும் ஒரே கேள்வி "பால் இருக்கா?" என்பதுதான். அவள் உடம்பைத் தனியாகக் கவனிக்க ஒருவர் வேண்டும், கணவரோ அம்மாவோ மாமியாரோ. முதலில் தண்ணீர். "வயிறு பெருத்துடும், தையல் ஊறும்" என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கத்தை நான் முழுதாக எதிர்க்கிறேன். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகித் தையலில் வலிக்கும், சிறுநீரில் கிருமி சேரும், காலில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் குடித்தால் கணக்கு சரியாகிவிடும்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டு, கருவாடு, பால்சுறாப் புட்டு, மிளகு சேர்த்த குழம்பு எல்லாம் நல்லவை, தொடருங்கள். குறைவது கீரை, காய், பருப்பு, பழம்தான். பால் கொடுப்பவருக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும். வெறும் ரசம் சாதத்தில் அது வராது. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரண்டு டம்ளர் பால் சேருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் போட வேண்டும். அதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், காபி டீயும் அதே இடைவெளியில்.

உதிரப்போக்கு மூன்று நான்கு நாள் சிவப்பாக, பத்து நாள் வரை பழுப்பாக, பிறகு வெளிறி ஆறு வாரம் வரை போகலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய பேட் முழுவதும் நனைந்தால், எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் கட்டி விழுந்தால், நாற்றத்தோடு காய்ச்சலும் வந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது கருப்பை சுருங்குவதால். இரண்டாவது பிரசவத்தில் அது கடுமையாக இருக்கும், சில நாளில் நின்றுவிடும்.

தையலைக் கழிவறை போகும் ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டு நீரை முன்னிருந்து பின்னாக ஊற்றிக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பேட்டை நான்கு மணிக்கொரு தரம் மாற்றுங்கள். சிசேரியன் ஆனவர்கள் 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடக்கத் தொடங்க வேண்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர்க்குடம் உட்பட. வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டுவதால் கருப்பை சுருங்காது, இடுப்பின் அடிப்பகுதித் தசைகள்தான் கூடுதலாகத் தளரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், அது ரத்த உறைவாக இருக்கக்கூடும்.

ரத்த அழுத்தம் பிரசவத்தோடு முடிவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்குப் போகும், கர்ப்பத்தில் இயல்பாக இருந்தவருக்கும் வரலாம். விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி இருந்தால் அழுத்தம் பார்க்காமல் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். 160/110 என்றால் அவசரம், வலிப்பு வரும் முன் மருந்து ஏற வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தெளியும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் போனால், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அது சிகிச்சை உள்ள நோய். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழப்பமான பேச்சு, யாரோ கூப்பிடுவதாகக் காதில் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அம்மாவையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. பேய் பிடித்தது என்று கோயில் கோயிலாகச் சுற்றும் நேரத்தில் இருவர் உயிரும் ஆபத்தில் இருக்கிறது.

பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் போட்டாகிவிட்டதா என்று அட்டையில் பாருங்கள். வைட்டமின் டி சொட்டு நாளுக்கு 400 ஐ.யு. தர வேண்டும், கடையில் ஒரு மி.லி.யில் 400-ம் உண்டு, 800-ம் உண்டு, பாட்டிலைப் படித்துவிட்டு அளவை எடுங்கள். அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரத்தில். அதே நாளில் அம்மாவுக்கும் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தையல், கருத்தடை பற்றிய பேச்சு எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். மாதவிலக்கு வராமலே கரு தங்கலாம், ஆகவே கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அன்று வெறும் வயிற்றில் போய் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். இடையில் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடையில்லை. துணைக்கு ஒருவரையும், சோதனை முடிந்ததும் சாப்பிட இட்லியையும் கையோடு கொண்டு போங்கள்.